எட்டிப் பார்க்காத எதிரி

அலுவலகத்தில் அவருக்கு எதிராளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. போர் விளையாட்டில் மனிதர் தன் படைகளை நகர்த்திவிட்டு 'என் முறை முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துகிறார் அல்லவா, அதற்குப் பிறகு கணினி என்ன செய்யவேண்டும் என்று எழுதுவது அவர் வேலை. பார்ப்பவர்களுக்கு அது இரண்டு விநாடிக் கூத்து. குதிரைகள் ஓடும், ஒரு கோட்டை எரியும், மறுபடி உங்கள் முறை. அந்த இரண்டு விநாடிக்குள் அவருடைய மூன்று வருட உழைப்பு குடியிருந்தது.

அந்த விளையாட்டில் வரைபடம் முழுக்க இருட்டு. அவரவர் வீரர்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி மட்டும் வெளிச்சம். மனிதருக்கு என்ன சட்டமோ அதுதான் கணினிக்கும் என்பது எதிராளியின் பிடிவாதம். கணினியின் முறை வந்தால் அது தன் வேவுக்காரர்கள் கண்டதை மட்டும் பார்க்கும். போன முறை ஆற்றங்கரையில் தெரிந்த படை இப்போது இருட்டுக்குள் மறைந்துவிட்டதென்றால், அது இதற்குள் எங்கெல்லாம் போயிருக்கலாம் என்று யோசிக்கும். முறைக்கு முறை சந்தேகம் பெருகும். தாங்காமல் ஒரு குதிரைக்காரனை அனுப்பிப் பார்க்கும். சில சமயம் ஆளில்லாத காட்டைப் போய் முற்றுகையிட்டு அசடு வழியும்.

"அப்படித்தான் இருக்கணும். தெரியாதவன் தப்புப் பண்ணாம எப்படி ஆடுவான்?" என்பார்.

அவர் வீட்டில் நாலு பேரில் கடைசிப் பிள்ளை. சீட்டாடும்போது பெரியண்ணன் அவரை எப்போதும் அலமாரிக் கண்ணாடிக்கு முதுகு காட்டித்தான் உட்காரவைப்பான். அது ஏன் என்று புரிய அவருக்குப் பன்னிரண்டு வயதாயிற்று. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் வடியவில்லை.

விளையாட்டு வெளியாகிற வாரம் கடைவாய்ப்பல் காலை வாரியது. பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வீட்டில் கிடந்தார். பக்கத்தில் மனைவி புதுப் பதிப்பை ஆடிக்கொண்டிருந்தாள். கூரியர் அலுவலகத்தில் எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவள். அவர் எழுதுகிற எதிரியோடு முதலில் மோதிப் பார்ப்பது எப்போதும் அவள்தான்.

"என்னங்க, உங்க ஆளுக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"ம்?"

"இந்த ஊர்ல காவல் இல்லேன்னு இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வேவு பார்க்க ஒருத்தனும் வரல. நேரா வரான், மாமியார் வீட்டுக்கு வர மாதிரி."

"குத்துமதிப்பா வந்திருக்கும்."

"குத்துமதிப்பா? இருங்க."

காட்டுக்குள் நின்ற காவல்படையை ஊருக்குள் கொண்டுபோய் வைத்து முறையை முடித்தாள். ஊரும் காடும் எதிரிக்கு இருட்டு. குன்றின்மேல் நின்ற அவளுடைய வேவுக்காரனுக்கு எதிரிப்படை தெரிந்தது. பாதி வழி வந்த அந்தப் படை நின்றது, திரும்பி நடந்தது. அவள் காவலை வெளியே எடுத்தாள். படை மறுபடி வந்தது. வைத்தாள். போயிற்று.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க டிரைவரேதான்! ரெண்டு பேர் மாத்தி மாத்தி போன் பண்ணினா நடுரோட்டுல இப்படித்தான் திண்டாடுவான்."

எதிராளி சிரிக்கவில்லை. பஞ்சைத் துப்பினார். "எவனோ அதுக்கு லைட்டைப் போட்டுக் குடுத்திருக்கான்" என்றார்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு மேனேஜர் முன் போய் நின்றார். மேனேஜர் வயதில் சின்னவர், மறைக்கவும் இல்லை.

"நான்தான் சார் போடச் சொன்னேன். முழு வரைபடமும் தெரியற மாதிரி. புரோகிராம்ல ஒரே வரிதான். ஆடிப் பார்த்தவங்க எல்லாரும் உங்க ஆள் ரொம்ப சாதுங்கறாங்க."

"சாதுன்னா இன்னும் யோசிக்கக் கத்துக்குடுப்போம். எட்டிப் பார்க்கக் கத்துக்குடுப்பாங்களா?"

"வெள்ளிக்கிழமை வெளியாகணும் சார். யாருக்குத் தெரியப்போகுது?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சுது. காபி ஆறறதுக்குள்ள."

ஆடிக் காட்டினார். எதிரிப்படை வெட்டவெளியில் முன்னும் பின்னும் நடைபோட்டது. மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரிபண்ணிடலாம் சார். ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டாம். நாலு முறைக்கு ஒரு தடவை பார்க்கட்டும். அப்ப யாராலும் கண்டுபிடிக்க முடியாது."

எதிராளிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"திருடறது தப்புன்னு சொல்ல வந்தா, சத்தமில்லாம திருடுங்கறீங்களே தம்பி!"

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

"முதல் திரையில என்ன எழுதியிருக்கோம்? 'உங்களுக்கும் எதிரிக்கும் ஒரே சட்டம்.' வேலை முடிஞ்சு களைச்சு வந்த ஒருத்தர் நம்மளை நம்பி ஒரு படையை ஒளிச்சு வைக்கறாரு. தோத்தா தன் மூளைதான் மட்டம்னு நினைச்சுக்கிட்டுப் படுக்கப் போறாரு. அந்த நினைப்பை அவர் தலையில ஏத்தறது நாம. காசு வேற வாங்கிக்கிட்டு!"

"இப்ப என்ன சார் பண்ணணுங்கறீங்க?"

"அந்த வரியை எடுங்க. முடியாதுன்னா பார்க்குதுன்னு சொல்லிட்டுப் பார்க்கட்டும். ரெண்டும் இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்கு வேற எதிரியைத் தேடிக்குங்க. என்னுதைத் தரமாட்டேன்."

பேச்சு மதியச் சாப்பாட்டையும் தின்றது. கடைசியில் மேனேஜர் இறங்கிவந்தார். வழக்கமான ஆட்டத்தில் எதிரி பழையபடி இருட்டில் தடவும். கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் எல்லாம் தெரியும், அதைத் திரையிலேயே சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை, ஆட்டத்தின் நிலையைத் தேர்ந்தெடுக்கும் திரையைத் திறந்தார். பேசி முடித்த அறிவிப்பைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூக்கு உரசக் குனிந்தபோது, அடி மூலையில், சாம்பல்மேல் சாம்பல் நிறத்தில் இருந்தது: 'இந்த நிலையில் எதிரிக்கு வரைபடம் முழுவதும் தெரியும்.'

திரைகளை வரைகிற பெண்ணிடம் போனார்.

"ஏம்மா, இது எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?"

"சார்தான் சின்னதா போடச் சொன்னாங்க சார்."

"எந்த சார்?"

அவள் கண்ணாலேயே மேனேஜரின் கண்ணாடி அறையைக் காட்டினாள். எதிராளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெரிசாக்கு."

"எவ்வளவு சார்?"

"'ஆட்டத்தைத் தொடங்கு'ன்னு மேல போட்டிருக்கே, அவ்வளவு."

"திட்டுவாங்க சார்."

"என் பக்கம் கையைக் காட்டு."

அவள் ஒரு படி பெரிதாக்கினாள். "இன்னும்" என்றார். இன்னொரு படி. கண்ணாடி அறையின் கதவு திறந்தது. மேனேஜர் வாசலில் நின்று பார்த்தார். எதிராளி நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

"நிறுத்தாதம்மா. இன்னும்."