சந்தனம் பூசிய சக்கரம்

உங்கள் பைக்கின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது எது? ஆக்ஸில் என்கிற அச்சுக்கம்பியா, எலுமிச்சம்பழமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு வியாழக்கிழமை காலை, டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த ஒருவர் எலுமிச்சம்பழம் என்றுதான் முடிவு செய்திருந்தார்.

அவர் பெயர் சௌந்தரபாண்டியன். பனவடலிசத்திரத்தைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் வண்டிகளுக்குப் பொறுப்பு. மழை பெய்தால் கரிசல் காட்டுக்குள் ஜீப் இறங்காது. அதனால் டெக்னீஷியன்களுக்கு ஆறு பைக் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தார்ரோட்டிலும் ஓடும், உழுத காட்டிலும் ஓடும் உயரமான வண்டிகள். அதில் ஒன்று ஓடைப் பாலத்துக் கல்லில் மோதி முன் ரிம் நெளிந்துபோனது. கம்பெனி புது வீல் அனுப்பியது. அதை மாட்டும் வேலை, அந்த ரோட்டில் மெக்கானிக் கடை நடத்தும் ஜெயசித்ராவிடம் வந்தது. ஒழுங்காக மாட்டினால் ஆறு வண்டியும் இனி இந்தக் கடைக்கு. இல்லையென்றால் தென்காசிக்கு.

ஜெயசித்ராவுக்கு முப்பத்தெட்டு வயது. ராயகிரியில் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மாரிக்கண்ணன் என்ற மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கல்யாணமான மூன்றாம் மாதமே ரிம்முக்குப் போக்கம்பி, அதாவது ஸ்போக்ஸ், கட்டப் பழகிவிட்டார். இரண்டு வருஷத்தில் மாரிக்கண்ணன் சக்கர வேலையை முழுக்க அவரிடம் தள்ளிவிட்டு இன்ஜினோடு நின்றுகொண்டார். நான்கு வருஷத்துக்கு முன் மாரிக்கண்ணனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அவருடைய அண்ணன்மார் ஆஸ்பத்திரிக்குப் பதிலாக மந்திரித்துக் கயிறு கட்டியதில் பன்னிரண்டு நாள் போனது. பதிமூன்றாம் நாள் அவரும் போனார். சாவுக்குக் காரணம் ஜெயசித்ராவின் ஜாதகம் என்று அதே அண்ணன்மார் கண்டுபிடித்தார்கள். முந்தின மாதம் வரை ஊரெல்லாம் நம்பி வண்டி ஓட்டிய கை, ராசியில்லாத கை ஆனது. கையில் எந்த நரம்பு மாறியது என்று யாரும் சொல்லவில்லை.

கடை அண்ணன்மார் பெயரில் இருந்தது. தைக்குள் கடை நிமிராவிட்டால் செல்போன் கடைக்காரருக்கு விட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது.

புது வீல் மஞ்சள் துணியில் சுற்றி வந்தது. அதற்கு முந்தின நாளே சௌந்தரபாண்டியன் அதை வீட்டில் வைத்துப் பூஜை முடித்திருந்தார். நடுவில், ஆக்ஸில் நுழையும் துளையைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஸ்பேசர் என்கிற சின்ன உலோகக் குழாய், சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இடைவெளி காப்பது, சொருகியபடியே இருந்தது.

"சந்தனத்தைத் தொடைச்சிராதம்மா. சாமி முன்னால வச்சது" என்றார்.

மாட்டுவதற்கு முன் துடை என்பது சக்கர வேலையின் முதல் பாடம். ஜெயசித்ரா அதைப் பதினைந்து வருஷம் மீறியதில்லை. அன்றைக்கு மீறினார். ஆறு வண்டி ஆயிற்றே.

மாட்டி முடித்ததும் சாவிக்குக் கை நீட்டினார். சக்கரம் மாட்டியவரே ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது அந்தக் கடையின் வழக்கம்.

"நீ வேண்டாம்மா. தப்பா நெனைக்காத. புது வீலு பாரு" என்ற சௌந்தரபாண்டியன் பக்கத்து இட்லிக் கடையிலிருந்து இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். அவருடைய புருஷன் பதினோரு வருஷமாகப் புனலூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறான். ஆனால் உயிரோடு இருக்கிறான். எனவே இசக்கியம்மாளின் கை மங்கலக் கை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டயருக்கடியில் பழம் வைத்தார், சாவியைத் திருகினார், நான்கடி வண்டியைத் தள்ளினார், ஓட்டிப் பார்த்தவர் போடவேண்டிய கையெழுத்தையும் சோதனைச் சீட்டில் போட்டார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

வண்டியை எடுத்துப்போன டெக்னீஷியன் நியாஸ் அகமது பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான்.

"என்னக்கா மாட்டியிருக்கிய? முன்னால யாரோ பிடிச்சு இழுக்க மாரி இருக்கு. பிரேக் டிஸ்க்குல தோசை ஊத்தலாம்."

தகவல் போய் சௌந்தரபாண்டியனும் வந்து சேர்ந்தார். "நான் அப்பவே நெனச்சேன். கைராசின்னு ஒண்ணு இருக்குல்லா."

"அதை எந்த ஸ்பானர் வச்சு அளக்கது அண்ணாச்சி?" என்றார் ஜெயசித்ரா.

"வாய்க்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நாலு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல தென்காசிக்கு ஏத்திருவேன்."

ஜெயசித்ரா வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்று போய் நின்றது. சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுழற்றினார். வெண்ணெய் போலச் சுழன்றது. ஆக்ஸிலைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினார். நேராக உருண்டது. டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரின் பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தார். சக்கரத்தை மறுபடி மாட்டி, ஆக்ஸிலைக் கவ்வும் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஃபோர்க்கை ஐந்து முறை அமுக்கி எழுப்பி, அதன் பிறகு இறுக்கினார். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் கோணாமல் உட்கார அதுதான் வழி.

அரைச் சுற்று. நின்றது.

மணி மூன்று. சௌந்தரபாண்டியன் செல்போனில் லோடு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்.

ஜெயசித்ரா நெளிந்த பழைய வீலை எடுத்து மாட்டினார். குடிகாரன் நடை போல ஆடியது. ஆனால் எங்கும் உரசாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பழசு ஓடுது, புதுசு ஓடலை. வண்டியிலயும் கோளாறு இல்ல, என் கையிலயும் இல்ல. அந்த வீலுலதான்" என்றார்.

இரண்டு வீலையும் அருகருகே கிடத்தி, ஸ்பேசர் எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று அளந்தார். புதியதில் ஒன்றரை மில்லிமீட்டர் கூட. அந்த அளவுக்குச் சக்கரம் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. டிஸ்க் காலிப்பரில் உரசியது.

"அண்ணாச்சி, சந்தனத்தைத் தொடைக்கப் போறேன்."

"ஏம்மா, சாமி காரியம்!"

"சாமி இந்த வண்டியில போகலை. நியாஸ்தான் போறான்."

"தொடைங்கக்கா. விழுறது நான்லா" என்றான் நியாஸ்.

மண்ணெண்ணெய்த் துணி பட்டதும் சந்தனம் கரைந்தது. ஸ்பேசரை நெம்பி எடுத்தார். அடியில் ஒரு செப்புத் தகடு. பட்டையாக மடித்து, வளையமாக வளைத்து, குழிக்குள் அமுக்கி வைத்திருந்தது.

சௌந்தரபாண்டியன் லோடு ஆட்டோக்காரரிடம், "பொறவு கூப்பிடுதேன்" என்றார்.

"இது யாரு வச்சது அண்ணாச்சி?" என்று ஜெயசித்ரா கேட்டார்.

"வண்டிக்கு ஒரு காவலுக்குத்தான்... வெளிய கட்டினா எவனாவது அவுத்துட்டுப் போயிருவாம்லா."

"டிப்ளமோவுல கிளியரன்ஸ்னு, இடைவெளி விடுறதுக்கு, ஒரு பாடம் உண்டே?"

"அதுல அரியர்" என்றார் அவர்.

தகடு இல்லாமல் மாட்டிய புது வீல், ஒரு தட்டு தட்டியதும் சுற்றத் தொடங்கியது; தானாக நிற்க வெகுநேரம் ஆனது. நின்றபோது சௌந்தரபாண்டியன் தேறிவிட்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லுதேன். தகடு இருந்ததுனாலதான் நியாஸ் விழாம வந்து சேந்தான்."

"தகடு இல்லன்னா சூடாகாமலே வந்திருப்பேன் அண்ணாச்சி."

"சரி வே, விடு. எம்மா, ஆறு வண்டியும் உங்கிட்டயே விடுதேன். வேலை நீயே பாரு. முதல் ஓட்டம் மட்டும் இசக்கியம்மா செய்யட்டும். என்ன?"

ஜெயசித்ரா கையைத் துடைத்தார். தை மாதம் நினைவுக்கு வந்தது. செல்போன் கடைக்காரர் போன வாரம் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனதும் நினைவுக்கு வந்தது.

"அப்ப ஆறும் வேண்டாம் அண்ணாச்சி. காலையில நான் ஓட்டியிருந்தா ரயில்வே கேட்டுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும். நியாஸ் பனவடலி வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுட்டுப் போயிருக்க வேண்டாம். ஓட்டிப் பாக்காம இந்தக் கடையில இருந்து இனி ஒரு சக்கரமும் போகாது."

சாவி நியாஸிடம் இருந்தது. அவன் சௌந்தரபாண்டியன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக ஜெயசித்ராவிடம் நீட்டினான். "அக்கா ஓட்டாத வண்டியில இனி நான் ஏற மாட்டேன். கம்பெனியில யாரும் ஏற விடவும் மாட்டேன்."

வாசலில் காலையில் வைத்த எலுமிச்சம்பழம் டயரிலிருந்து நழுவி, நசுங்காமலே உருண்டு கிடந்தது. இசக்கியம்மாள் வந்து அதைப் பொறுக்கினார். "ஏட்டி சித்ரா, போயிட்டு வா. சர்பத் போட்டு வைக்கேன். எத்தனை பழம்தான் மண்ணுல போகும்."

ஜெயசித்ரா ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினார். இறங்கி டிஸ்க்கின் மேல் விரலை வைத்தார். வைத்தபடியே நின்றார். சௌந்தரபாண்டியனும் வந்து ஒரு விரலை வைத்துப் பார்த்தார். சோதனைச் சீட்டில் இசக்கியம்மாள் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை ஜெயசித்ராவிடம் நீட்டினார். தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது அவர் விருப்பம். சட்டைப் பையில் கிளியரன்ஸ் பிரச்சினை கிடையாது.

மற்ற ஐந்து வண்டிகளும் திங்கட்கிழமை வந்தன. செல்போன் கடைக்காரர் வேறு இடம் பார்க்கிறார்.

இனி நீங்கள். அடுத்த முறை உங்கள் வண்டிக்குச் சக்கரம் மாட்டியவரின் நெற்றியைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பார்க்காதீர்கள். சாவியை அந்தக் கையிலேயே கொடுத்து, "முதல்ல நீங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழும்படி சத்தமாகவே சொல்லுங்கள்.