இருப்பு கேட்கும் போன்

விழுப்புரத்தில் ஒரு விதைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தினமும் காலையில் திண்டிவனம் கிளைக்குப் போன் போட்டு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை விதை எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஆறு வருஷமாகப் பதில் சொன்னது அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா. முகம் பார்த்ததில்லை.

பிறகு எல்லாக் கிளைகளின் இருப்பையும் தானாகவே ஒரே இடத்தில் சேர்க்கும் சாஃப்ட்வேர் வந்தது. நான் வரும்போதே ரிப்போர்ட் தயாராக இருந்தது. போனுக்கு வேலையில்லை.

மூன்றாவது வாரம் அக்காவே கூப்பிட்டார்.

"இருப்பு சரியா வருதாம்மா?"

"வருதுக்கா."

அவர் வைக்கவில்லை. "பத்து மணியானா போனையே பாத்துக்கினு இருக்கேன்மா" என்றார்.

"நானுந்தாங்க்கா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். குரலை வைத்து நல்ல உயரம் என்று நினைத்திருந்தேன். என் தோள் அளவுக்குத்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்தோம்.