கலாவுக்காக மாற்றிய திரை

வளவனூரில் வசிக்கிறோம். திண்டிவனத்துப் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியை வேலைக்காக, என் மனைவி கலா ஆன்லைனில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் எழுத்துகள் பொடிப்பொடியாகத் தெரியும். பாவம், திரையில் மூக்கு இடிக்கத்தான் படிப்பாள்.

அன்று காலை அவள் குளிக்கப் போனதும், எழுத்தைப் பெரிதாக்கி வைக்கலாமென்று ரெசல்யூஷனை மாற்றினேன். திரை கறுத்துவிட்டது. பதற்றத்தில் ஏதேதோ பட்டன்களைத் தட்டியதில் அந்த மாற்றமே நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது. அணைத்துப் போட்டும் பலனில்லை. வகுப்புக்கு முக்கால் மணி நேரமே இருந்தது.

தலை துவட்டியபடி வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்காவத்தான பண்ணீங்க? பேஜாராவாதீங்க, எங்கண்ணனுக்குப் போனைப் போடுங்க" என்றாள்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மச்சான், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். எழுத்து மட்டும் உள்ள திரை வந்தது.

"ரெசல்யூஷன் பதிவான ஃபைலை அழிச்சிடலாம் மாப்ள. நான் சொல்லிக்கினே வர்றேன், ஒவ்வொரு எழுத்தா அடிங்க."

நான் போனைப் பிடிக்க, கலா அடித்தாள். மறுபடி ஆன் செய்ததும் திரை பளிச்சென்று வந்தது. வகுப்பும் நன்றாக நடந்து, வேலையும் கிடைத்தது.

இப்போது எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் அதன் அளவை மட்டும்தான் கூட்டுகிறேன். எப்போதாவது ரெசல்யூஷனை மாற்ற நேர்ந்து திரை கறுத்தால், எதையும் தொடாமல் அரை நிமிடம் பொறுக்கிறேன். தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கலாவுக்கு ஏதாவது செய்ய ஆசை வந்தால், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்கிறேன்.