முயலுக்காக வாய் மூடியிருந்த பத்து நாள்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன் நான். ஆண்டு விழாவில் மைக் பழுதானால் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார். மைதானத்தின் வடக்கு மூலையில் நின்று நான் 'அட்டென்ஷன்' என்றால், தெற்கு மதிலுக்கு அப்பால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களும் விறைத்து நிற்பார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அது பாராட்டு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று சாவி, பதிவேடு, கால்பந்துகள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குரலை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

முயல் மகளுடையது. உடம்பெல்லாம் வெள்ளை, இடது காது மட்டும் சாம்பல். அதற்கு அவள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். தெருவில் நின்று கூப்பிட எனக்கு வெட்கமாக இருக்கும் பெயர். பெங்களூரில் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது, தங்கப்போகும் விடுதியில் முயலுக்கு அனுமதி இல்லை என்றார்கள். வாசலில் பெட்டியோடு நின்று, "அப்பா, நல்லா பாத்துக்குவியளா?" என்று கேட்டாள்.

"ஆயிரம் பிள்ளையள மேய்ச்சவன்ட்ட கேக்குத கேள்வியா மக்கா இது?" என்றேன். முயல் அப்போதே கூண்டின் மூலைக்குப் போய்விட்டது. அதை நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். பின்வாசலில் முருங்கை மரத்து மூட்டில், கம்பிவலை அடித்த கூண்டைக் கொண்டுபோய் வைத்து, வெயில் படாமல் மேலே ஒரு தகரமும் போட்டிருந்தேன். முயல் அறுகம்புல் தின்றுகொண்டிருந்தது. நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுப் படிப்பதுதான் என் வழக்கம், அடுக்களையில் இருக்கும் மனைவிக்கும் நாட்டு நடப்பு தெரியட்டும் என்று.

அப்போது பக்கத்து வீட்டு நாய் வேலியின் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. கிழட்டு நாய். பாதிப் பல் கிடையாது. அது கூண்டருகே போய் மூக்கைக் கம்பியில் வைத்து மோந்து பார்த்தது. முயல் ஒடுங்கி நின்றது, அவ்வளவுதான். நான் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் நாய் தன் பாட்டுக்குப் போயிருக்கும்.

"ஏலே!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். இடுப்பில் சாவிக்கொத்தோடு தொங்கிய பழைய விசிலை, கை தானாக எடுத்து வாயில் வைத்தது. நீளமாக ஒரு ஊதல். நாய் நகரவில்லை. காலருகே கிடந்த இரும்பு வாளியைத் தூக்கி எறிந்தேன். மாநில அளவில் குண்டு எறிந்தவன் என்று மாணவர்களிடம் பெருமை பேசிய கை. வாளி நாய்க்கு மேலாகப் பறந்து, கூண்டின் தகரத்தில் இடி மாதிரி விழுந்தது.

முயல் துள்ளி ஒரு பக்கக் கம்பியில் மோதியது, மறுபக்கக் கம்பியில் மோதியது, பிறகு பக்கவாட்டில் சரிந்தது. கண் திறந்திருந்தது. வயிறு மட்டும் வேக வேகமாக ஏறி இறங்கியது. நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. தினமும் காலையில் வேலிக்கு மேலாக அதற்கு பிஸ்கட் போடுகிற ஆள் நான்தான். அன்று போடாததைக் கேட்கத்தான் அது வந்திருக்கிறது.

முயலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். நனைந்த துணியைத் தூக்குவதுபோல் இருந்தது. முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவன் நான். வெயிலில் மயங்கி விழுந்த மாணவர்களை எத்தனை பேரை எழுப்பியிருக்கிறேன்! அந்த அனுபவத்தை முழுவதுமாக முயல்மேல் இறக்கினேன். தரையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!" என்று கூவினேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. குளுக்கோஸைக் கரைத்துக் கரண்டியில் எடுத்தபோதுதான் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள்.

அவள் குனிந்து முயலின் காதைத் தொட்டாள். "காது ஐஸா கெடக்கு. நீங்க ஃபேன போட்டு வச்சிருக்கிய!" என்றபடி விசிறியை அணைத்தாள். "வெப்ராளப்படாதிய, பதறாதிய. அந்தக் கரண்டியக் கீழ வையிங்க. மாட்டு டாக்டருக்க நம்பர் பக்கத்து வீட்டுக்காரிட்ட இருக்கும். வாங்கிட்டு வாங்க."

நாய்க்காரி இரண்டு பசு வளர்க்கிறவள். எண் கொடுத்தாள், எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். "எங்க நாயா? அதுக்குச் சோத்த மெல்லவே பல்லு கிடையாதே அண்ணாச்சி!" என்றாள். பிஸ்கட் விஷயத்தை நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து முயலின் தலைமாட்டில் நின்று டாக்டரை அழைத்தேன். இளம்பெண்ணின் குரல். நடந்ததை விவரித்தேன். நாயின் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் வாளியின் பங்கைக் கொஞ்சம் குறைத்தும் சொன்னேன்.

"சார், நீங்க முயலுக்குப் பக்கத்துல நின்னா பேசுதிய?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்! பக்கத்துலதான் நிக்கேன்!"

"கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்க."

முன்னறைக்குப் போனேன். "இன்னும் தள்ளி," என்றார். முற்றத்துக்குப் போனேன். "இன்னும்." கடைசியில் தெருவாசல் கேட்டைத் திறந்து ரோட்டில் நின்றுதான் மீதியைக் கேட்டேன். முயலுக்கு அதிர்ச்சி. வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, ஹாரன் சத்தத்திலேயே உயிர் போகலாம். ஈரத்தைத் துடைத்து, இருட்டான அறையில் வைத்து, வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். கீரிப்பாறைப் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருப்பதாகவும், திரும்பும் வழியில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

நெல்மூட்டை அடுக்கிவைக்கும் சின்ன அறைதான் வீட்டில் இருட்டானது. மனைவி அங்கே சாக்கு விரித்து, பழைய சேலை போட்டு, முயலைக் கிடத்தினாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அதை ஊற்றும்போது புட்டியின் மூடியைக் கீழே போட்டேன். அது தரையில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. மனைவி கதவைக் காட்டினாள்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். பல் ஈறைப் பார்த்தார், வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார், காலை மெல்ல நீட்டி மடக்கினார். எலும்பு ஏதும் முறியவில்லை. தோலுக்கடியில் வெதுவெதுப்பான மருந்துநீர் ஏற்றினார். "பயந்த முயலுக்குக் குடல் நின்னு போவும் சார். அதுதான் இனி ஆபத்து. புழுக்கை போடுதான்னு பாருங்க. போட்டா தப்பிச்சுது," என்றார். அதற்குமேல் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. "சரி டாக்டர்!" என்று என் வழக்கப்படி சொல்ல, முயலின் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. மனைவி என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

டாக்டர் போனபிறகு அவள் விவரம் சொன்னாள். ஊசியில்லாத சிரிஞ்சில் கூழ் கரைத்துக் கொடுக்க வேண்டும், அவள் கொடுப்பாள். "பின்ன, பத்து நாளைக்கு நீங்க வீட்டுக்குள்ள வாயத் தொறந்து மிண்டப்பிடாதாம்."

"பத்து நாளா?"

"அந்தா, இப்பவே மிண்டுதிய."

அன்று சாயங்காலம் மகள் முயலின் படம் கேட்டுச் செய்தி அனுப்பினாள். என் போனில் தேடி, அது முன்னங்காலைத் தூக்கி நிற்கும் பழைய படம் ஒன்றை அனுப்பிவைத்தேன். 'சூப்பரா இருக்கு' என்றும் எழுதினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. 'அப்பா, ஜன்னல்ல பச்சை கர்ட்டன் தெரியுது. அதை நான் அங்க இருக்கும்போதே அம்மா மாத்தியாச்சே.' முப்பது வருடம் எத்தனை பொய் மருத்துவச் சான்றிதழ்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்தவன்! ஒரு கர்ட்டனில் மாட்டிக்கொண்டேன்.

அவள் உடனே அழைத்தாள். எடுத்துப் பேச முடியாது என்பதால் துண்டித்துவிட்டு எழுதத் தொடங்கினேன். நாய், விசில், வாளி, விசிறி, கரண்டி, எல்லாவற்றையும். பிஸ்கட்டையும் எழுதினேன். என் தடித்த விரலுக்கு அது முக்கால் மணிநேர வேலை. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகு வந்தது: 'அது உங்களுக்குப் பயப்படல்லப்பா. சத்தத்துக்குத்தான். சின்னதுல நீங்க சத்தம் போட்டா நானும் அந்த நெல்லறையிலதான் போய் இருப்பேன். மூட்டைக்குப் பொறத்த.'

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன், அதுவும் சத்தமாகத்தான். அவள் நெல்லறைக்குப் போனதும், மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியாது. தேடியதாகவும் ஞாபகம் இல்லை. 'சரி மக்கா' என்று மட்டும் அனுப்பினேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குப் போய், கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். இருட்டில் முயலின் காதுகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

மறுநாள் சாயங்காலம் மனைவி நீட்டிய அறுகம்புல்லில் ஒரு இழையை அது கடித்தது. அதற்கடுத்த காலை, சேலையின் ஓரத்தில் மிளகு மாதிரி மூன்று புழுக்கை கிடந்தது. என் மாணவர்கள் கோப்பை வாங்கிவந்தபோதுகூட நான் அப்படிக் குதித்ததில்லை. கத்தவும் முடியாது. மூன்றையும் ஒரு தாளில் ஏந்திக்கொண்டு மனைவியைத் தேடிப் போனேன். அவள் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்துக்கு நேரே தாளை நீட்டினேன்.

"சாமி கும்பிடுத எடத்துல என்னத்தக் கொண்டாந்து..." என்று தொடங்கியவள், உற்றுப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். "மூணு இருக்கே!" என்றாள். அவள் கண் கலங்கியது.

மிச்ச நாட்களைக் கழித்தது பெரும்பாடு. தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடினேன். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் விரலால் காட்டினேன். அவள் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள். ஏழாவது நாள் தாங்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இராஜாக்கமங்கலம் துறைக்குப் போனேன். கடலைப் பார்த்து நின்று, தேங்கிக் கிடந்ததையெல்லாம் பேசினேன். செய்தித்தாள், அரசியல், உப்பு குறைந்த அவியல். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "என்ன சாரே, யாருக்க கூட சண்ட?" என்று கேட்டார். போன் பேசுவதாகச் சொன்னேன். என் இரண்டு கையும் காலியாக இருந்ததை அவர் பார்த்தார். திரும்பிப் போய் வலையருகே உட்கார்ந்துகொண்டார்.

பத்தாம் நாள் முயலைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனேன். தனியாகத்தான் போனேன். அவர் பார்த்துவிட்டு, நன்றாகத் தேறிவிட்டது என்றார். நான் குரலைத் தாழ்த்தி, "இனி வீட்டுல பேசலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"நீங்க சொன்ன பத்து நாள் இன்னையோட முடியுது."

டாக்டர் சிரிப்பை அடக்கினார். "நான் ரெண்டு நாளுன்னுதான சொன்னேன் சார்? அதுவும் அந்த ரூமுக்குள்ள மட்டும்."

திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவள் முன்னறை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ரேடியோ கேட்பவள் என்பதே எனக்குத் தெரியாது. என் குரல் இருக்கும்போது அதில் என்ன கேட்டிருக்கும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களை வழியாக உள்ளே போனேன். அந்தக் கேள்விகளை இன்றுவரை கேட்கவில்லை.

என் குரல் ஒன்றும் மாறிவிடவில்லை. ரோட்டில் ஆளைக் கண்டால் பழையபடிதான். ஆனால் முயல் கூண்டுக்குத் திரும்பாமல் நெல்லறையிலேயே தங்கிவிட்டது. அங்கே காலையில் போய்த் தரையில் உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் வரை அது மூட்டைக்குப் பின்னாலிருந்தே என்னைக் கண்காணித்தது. பிறகு ஒருநாள் வந்து, வேட்டியின் ஓரத்தைப் பிறை வடிவத்தில் கடித்தெடுத்துவிட்டுப் போனது. புது வேட்டி. நான் அசையவில்லை.

போன மாதம் மகள் லீவில் வந்தாள். பெட்டியை வைத்ததும் நேரே அந்த அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முயல் வந்து முதலில் அவள் விரலை மோந்தது, பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வயிற்றைத் தரையில் போட்டுப் படுத்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் ஓங்கி வந்தது. "அப்பாவும் மகளும் உள்ள என்ன செய்யுதிய? காப்பி ஆறுது!"

முயலின் சாம்பல் காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியது. அது எழுந்திருக்கவில்லை. நாங்களும்தான்.