முகம் தெரியாதவரோடு பார்த்த மேட்னி

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் என்னைத் திருப்பூருக்கு மேட்னி ஷோ பார்க்க அழைத்துப் போனார். நான் பார்த்த முதல் படம் அது. அப்போது எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியாது.

இதைச் சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள். ஆனால் நிஜம். பெண் பார்க்க வந்தபோது குனிந்த தலையை நான் மணவறையிலும் நிமிர்த்தவில்லை. அவருக்குச் சாயப் பட்டறையில் ராத்திரி வேலை. விடிந்து வந்து சாப்பிட்டுப் படுப்பார். நான் பனியன் கம்பெனிக்குப் போய் நூல் பிசிறு வெட்டிவிட்டு வருவதற்குள் அவர் மறுபடி கிளம்பியிருப்பார். சோறு போடும்போது நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வராது. அவரும் இலையைத்தான் பார்ப்பார்.

சினிமாவுக்குப் போகட்டுமா என்று அவர் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்டார். அத்தை சொன்னார்: "போங்க. ஆனா வெளக்கு வெக்கறதுக்குள்ள ஊடு வந்து சேரோணும். இல்லீன்னா இதோட சினிமாப் பேச்சை உட்ரோணும்."

கம்பெனியில் திங்கட்கிழமை வந்தால் மற்றப் பெண்கள் முந்தின நாள் பார்த்த படத்தின் கதையைத்தான் பேசுவார்கள். நான் கத்தரியைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். இந்த ஒரு படத்தோடு எல்லாம் முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். உள்ளேயும் நடுவில் இடுப்பளவு சுவர். அவர் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

விளக்கு அணைந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்டுத் தொலைந்துபோன பையன் கதை. அவன் வளர்ந்து டாக்டராகி, தாய் என்று தெரியாமலே அவளுக்கு வைத்தியம் பார்க்கிறான். அந்தத் தாயின் முகம் திரை முழுக்க வரும். கன்னத்தில் கண்ணீர் இறங்கும்போது அது வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது. அழும்போது ஒரு மனுஷி அத்தனை அழகாக இருப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் பக்கத்தில் இருந்த அம்மாவும் அவர் மகளும், அந்தத் தாய் கட்டியிருப்பது பச்சைப் புடவையா அரக்குப் புடவையா என்று படம் முடியும்வரை சண்டை போட்டார்கள். படமோ கறுப்பு வெள்ளை; எனக்கு அது மாம்பழ நிறமாகத் தெரிந்தது. சொல்லாமல் அடக்கிக்கொண்டேன்.

படம் விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்றேன். அப்போதுதான் உறைத்தது. ஆண்கள் வாசலில் வருகிற எல்லோருமே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இதில் அவர் யார்?

அவராக வந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கூட்டம் கரைந்தது. வெயில் மதிலைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மா என்னைக் கவனித்துவிட்டு வந்தார்.

"ஏனம்மிணி, ஆரைத் தேடற?"

"அவங்களைங்க."

"எவங்களை? பேரச் சொல்லு, கூப்பிடலாம்."

கட்டினவர் பேரை நான் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"சரி, சாமி பேரா?"

தலையாட்டினேன்.

"முருகரு பேரா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"போச்சு போ. இந்த ஊருல பாதிப் பேரு முருகருதான்." முருகன் பேர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சரியான பேர் வந்ததும் தலையாட்டினேன். உடனே சோடாக் கடை வரைக்கும் கேட்கும்படி அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்டார். மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"இதுல ஆரு அம்மிணி?"

நான் நிமிரவில்லை. அவர்கள் கால்களைப் பார்த்தேன். முகம்தான் தெரியாதே தவிர, அவர் கால் எனக்கு நன்றாகத் தெரியும். சாயத் தொட்டியில் நின்று நின்று நகமெல்லாம் ஊதாவாக ஊறிப்போன கால். இவர்கள் கால்கள் சுத்தமாக இருந்தன.

"இவங்க இல்லீங்க."

"நாங்களும் இந்தம்மிணிய ஊட்டுல பாத்ததில்லீங்க," என்றார் ஒருவர். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"படத்துல தொலைஞ்சவனக் கண்டுபிடிச்சாச்சு. நீ வெளிய வந்து தொலைச்சுப்போட்டு நிக்கற. வா, உள்ள பாக்கலாம்," என்று அந்த அம்மா என் கையைப் பிடித்து ஆண்கள் பக்கம் அழைத்துப் போனார்.

உள்ளே ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சுகளில் இரண்டு பேர், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு ஊதா நகம்.

"இவருதானுங்க," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அந்த அம்மா துண்டை எடுத்தார். முதல்முறையாக அவர் முகத்தை முழுதாகப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல முகம்தான்.

பஸ் போய்விட்டிருந்தது. எங்கள் ஊர் வீரபாண்டிக்கு நடந்தோம், ஓடினோம் என்றுகூடச் சொல்லலாம். அவர் முன்னால் போகாமல் எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"படத்துல பேரு போட்ட வரைக்குந்தான் தெரியும்," என்றார். "அம்மா கதை கேக்கும். நீ சொல்லு."

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் கதை சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் வழக்கம் அப்படி. சொன்னேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்க, முழுக் கதையும் சொன்னேன். நான் அவரிடம் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதே அன்றைக்குத்தான்.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நேரமானதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கதை என்னடா?" என்று மகனைக் கேட்டார்.

அவர் ஆரம்பித்தார். டாக்டரைப் போலீஸ்காரர் ஆக்கினார். தொலைந்தது பெண் குழந்தை என்றார். கடைசியில் தாய் செத்துப்போனாள் என்றும் சொல்லிவிட்டார்.

"சாகலீங்க," என்று என் வாயில் வந்துவிட்டது. "அவங்க பொழைச்சுக்கறாங்க. மகந்தான் காப்பாத்தறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை மகன் பக்கம் திரும்பினார்.

"தூங்கிப்போட்டயாடா?"

அவர் கை கழுவப் போனார். நின்ற இடத்திலேயே முதலிலிருந்து நான் சொல்ல வேண்டியதாயிற்று. மகன் தாயின் கையைப் பிடித்து நாடி பார்க்கிற இடத்தில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புடவை என்ன நிறம் என்று ஒருத்தி கேட்டாள். மாம்பழ நிறம் என்று தயங்காமல் சொன்னேன்.

கதை முடிந்ததும் அத்தை எழுந்தார். "வெளக்கு வெச்சு எத்தனை நேரமாச்சு. இனி இவங்கூட உன்னைய அனுப்பறதா இல்ல," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன். அவன் ஊட்டுலயே தூங்கட்டும்."

அப்படியே நடந்தது. அந்த ஞாயிறும், அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறும், நானும் அத்தையும் பெண்கள் வாசல் வழியாகப் போனோம். நாங்கள் கிளம்பும்போது அவர் பாயை விரித்துக்கொண்டிருப்பார்.

"வந்து கதையச் சொல்லு," என்பார் என் முகத்தைப் பார்த்து.