கடையில் குளிர்ந்த பிரிட்ஜ்

நாற்பது வயதைத் தாண்டித்தான் எனக்கென்று ஒரு கதவும் அதற்கொரு பூட்டும் வந்தன. அதுவரை நிவித்திகலையில் தேயிலை, அவிசாவளையில் பேக்கரி, தெஹியோவிட்டையில் ரப்பர் பால்வெட்டு என்று அலைந்தவன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. போன இடங்களில் படுக்கப் பாய் கிடைக்காவிட்டாலும் நனைந்த துணியைக் காயப்போட ஒரு சூடான மூலையைக் கண்டுபிடித்துவிடுவேன். பேக்கரியில் பாண் சுடும் போறணைச் சுவர். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீடு. இந்தப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தெரணியகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக்குக் கீழே, ஏழு பேர்ச் காணி கிடைத்தது. இரண்டு அறை கட்டித் தகரம் போட்டோம். அந்த வீட்டுக்குள் வந்த முதல் பெரிய சாமான் ஒரு பழைய பிரிட்ஜ்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்கும் ஆசையில் வாங்கியதல்ல. என் மனைவிக்கு ரத்தத்தில் சீனி கூடும் வருத்தம். விழுங்கும் குளிசை போதவில்லை என்று கிளினிக்கில் ஊசிமருந்துக்கு மாற்றிவிட்டார்கள். கால் பெருவிரலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. "மருந்து சூடாகக் கூடாது. சூடாகிட்டா நீங்க போடுறது வெறும் தண்ணி. புண் ஆறாட்டி விரலை எடுக்க வேண்டி வரும்" என்று நர்ஸ் என்னைப் பார்த்தே சொன்னார்.

பிரிட்ஜ் வெயில் காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. மழை பிடித்த இரண்டாம் வாரம் ஒரு காலையில் மருந்துப் போத்தலைத் தொட்டேன். என் கையைப் போலவே வெதுவெதுப்பாக இருந்தது. மோட்டார் கொஞ்சம் முனகும், டக்கென்று நிற்கும்.

தெஹியோவிட்டையில் கடை வைத்துப் பிரிட்ஜ் திருத்தும் சிங்கள மெக்கானிக் ஒருவர் இருந்தார், எல்லாரும் பாஸ் என்றே கூப்பிடுவார்கள். சொல்லியனுப்பினால் வருவார். அவர் வரும் நாளில் என் மனைவி வீட்டைக் கூட்டி, கொடியில் கிடந்த துணியெல்லாம் சுருட்டி உள்ளறைக்குள் தள்ளி, நாற்காலிக்கு விரிப்புப் போட்டு வைப்பாள். வெளியாள் வரும் வீட்டில் ஈரத்துணி தொங்கக் கூடாது என்பாள். பாஸ் பார்த்தார், தட்டினார், "கேஸ் இறங்கியிருக்கும் அய்யே" என்று அண்ணன் முறை சொல்லி, பிரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் கடையில் போய்ப் பார்த்தபோது உள்ளே ஐஸ் பூத்திருந்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மறுபடி சூடு. திரும்பக் கொண்டுபோனார். திரும்ப ஐஸ்.

"மேகே லெடக் நே அய்யே. இதுக்கு ஒரு நோயும் இல்ல" என்றார்.

"உங்க கடையில இல்ல. என் வீட்டுக்கு வந்தா மட்டும் வருதே, அது எப்படி?"

"பின்னால இடம் விட்டு வையுங்க."

வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் வைத்திருந்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. பால் வெட்டிய காலத்தில் நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு வாளியிலும் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் கலந்திருக்கிறேன். பிடிபடாத அளவும் எனக்குத் தெரியும். கலந்தவனுக்கு மற்றவன் வாளியும் தண்ணீராகத்தான் தெரியும். நல்ல மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, கடையில் காட்டுவதற்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பாஸ் மாற்றி மாற்றிப் பூட்டுகிறார் என்று முடிவு கட்டினேன். மூன்றாம் முறை கொண்டுபோகும் முன் பால்வெட்டும் கத்தியால் மோட்டாரின் அடியில் ஒரு பெருக்கல் குறி கீறினேன்.

அந்த நாட்களில் மருந்து, சந்தியில் இருந்த கடையின் பிரிட்ஜில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே இருந்தது. காலையும் மாலையும் நடந்து போய் எடுத்து வருவேன். கரண்டை மிச்சம் பிடிக்க அந்த முதலாளி இடையில் பிரிட்ஜை நிறுத்துகிறாரோ என்று அவரையும் நம்பவில்லை. புண் ஓரம் கறுத்து வந்தது. மனைவி அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை பிரிட்ஜ் வந்தது. மறுநாளே குனிந்து பார்த்தேன். கீறிய இடத்தில் கறுப்புப் பெயின்ட். குறி இல்லை. அந்த வாரமே மருந்தும் சூடாகிவிட்டது. நேரே பஸ் ஏறித் தெஹியோவிட்டைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே கத்தினேன். மோட்டாரை மாற்றினாய் என்றேன். என் மனைவியின் விரல் போனால் நீதான் பொறுப்பு என்றேன்.

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "மம ஹொரெக்த? நான் கள்ளனா அய்யே?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், முதல் பஸ்ஸில் வந்து என் வாசலில் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வீடு கூட்டியிருக்கவில்லை. நாற்காலியில் விரிப்பு இல்லை. அவர் பிரிட்ஜின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் தலையை நீட்டினார்.

பின்பக்கத்துக் கம்பிவலையில் என் சாரம், இரண்டு சட்டை, ஒரு துவாய். ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்திருந்தேன்.

"இது யாரு போட்டது?"

"நான்தான். அங்க நல்லாக் காயும்."

பாஸ் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிற சூடுதான் அய்யே பின்னால வெளிய போகுது. நீங்க அதுக்குப் போர்வை போர்த்தி வச்சிருக்கீங்க. மோட்டார் மூச்சு விடுறது எப்படி?"

அவர் வந்த ஒவ்வொரு முறையும் என் மனைவி அந்தத் துணிகளையும் சேர்த்துத்தான் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் கூரையைப் பார்த்தேன்.

ஆனாலும் விடவில்லை. "அப்போ என் குறி எங்க?" என்றேன். துரு பிடிக்காமல் இருக்கத்தான் பெயின்ட் அடித்தேன், சுரண்டிப் பாருங்கள் என்றார். பாஸ் பார்த்துக்கொண்டு நிற்க, நான் தரையில் படுத்துச் சுரண்டினேன். என் பெருக்கல் குறி அங்கேயே இருந்தது. எழுந்தபோது அவர் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கியிருந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லி என் மனைவி கூப்பிட்டாள். கையை மட்டும் அசைத்தார்.

புண் ஆற மேலும் மூன்று மாதம் பிடித்தது. விரல் தப்பியது, நகம் போனதோடு சரி. அந்த மழை முழுவதும் நான் ஈரச் சாரத்தோடு நடந்தேன். மாலையில் ஊசி போடும் முன் என் மனைவி நேரே மருந்தை எடுப்பதில்லை. முதலில் பிரிட்ஜின் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு ஒண்ணும் போடலியே?"

"இல்லம்மா."

சொன்ன பிறகும் இன்னொரு முறை தடவுவாள்.