தேனீ இல்லாத வாடகை வீடு

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா, பஸ் நிற்குமா என்று கேட்பார்கள். நான் தேனீ இருக்கிறதா என்று கேட்டேன். தரகருக்குச் சீக்கிரமே பொறுமை போய்விட்டது.

"அக்கா, நீங்க வீடு பாக்க வாரீகளா, தேன் எடுக்க வாரீகளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் என் மகளைப் போன கார்த்திகையில் ஒரே ஒரு தேனீ கொட்டியது. உதடு தடித்து, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். பிழைத்தாள். "அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம்" என்று சொல்லி, எப்போதும் கையோடு வைத்திருக்க ஓர் அவசர ஊசி கொடுத்து, அதைப் போடவும் கற்றுக்கொடுத்தார் டாக்டர். இப்போதும் குக்கர் விசில் அடிப்பதற்குமுன் சீறினால் ஓடிப்போய் அவள் மூச்சைப் பார்க்கிறேன்.

அப்போது கோட்டையூரில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தோம். முன்கட்டு பூட்டியே கிடக்கும். கனத்த சுவர், இருட்டு, குளுமை. அதில் ஒரு பொந்தில் அடுக்குத்தேனீ குடியிருந்தது. ஆள் வைத்து எடுத்தோம். அடுத்த பொந்தில் வேறொரு கூட்டம் வந்தது. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"வெரட்டாதீக. தேனீ வந்தா லெச்சுமி வந்த மாதிரி."

"அது கொட்டுனது எங்க வீட்டு லெச்சுமியத்தான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

தரகர் முதலில் காட்டியது காரைக்குடியில் ஒரு மாடிக் குடியிருப்பு. புத்தம் புதுசு, சுவரில் ஓட்டை உடைசல் இல்லை. மகள்தான் அண்ணாந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீ அடை.

"வெயில் ஏறுனா போயிரும்க்கா" என்றார் தரகர்.

"திரும்ப வராதா?"

"மழ முடிஞ்சு பூ பூத்தா வரும். போன வருசமும் இதே எடந்தான்."

மலையே இல்லாத ஊரில் மலைத்தேனீக்கு நாம் மாடி கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். உயரமும் இல்லை, பொந்தும் இல்லை, சுற்றிலும் சீமைக்கருவேல். அந்தப் புதர் நிழலில் உள்ளங்கை அளவு அடையோடு கொம்புத்தேனீ தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவள். எந்த மழைக்கு எந்தக் காடு, எந்த மண்ணில் எது வாழும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பாடம் சரிதான், யார் இல்லை என்றது? இருட்டு கேட்டதற்கு இருட்டு, உயரம் கேட்டதற்கு உயரம், புதர் கேட்டதற்குப் புதர். என் பிள்ளைக்கு மட்டும் இந்த ஊரில் இடம் இல்லை.

கடைசியில் தரகர் புது மனைப்பிரிவு ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினார். மரம் இல்லை, செடி இல்லை. சரளை மண், வெயில், நடுவில் ஒற்றை வீடு.

"இங்க காக்காகூட வராதுக்கா."

"இங்க யாரும்மா இருப்பா?" என்றாள் மகள்.

"நாம இருப்போம்."

மாசியில் குடிபோனோம். பங்குனியில் பக்கத்துக் கண்மாய் வற்றியது. ஒருநாள் காலையில் கொல்லைக் குழாய் சொட்டும் இடத்தில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கூடு எங்கே என்று தெரியவில்லை. அந்த வட்டாரத்தில் ஈரம் என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கொடியில் கிடந்த ஈரத்துணிக்கு வந்தன. துணியை உள்ளே போட்டேன். சமையலறை ஜன்னலுக்கு வந்தன. விளக்குமாற்றோடு அழுதுகொண்டு நின்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அதுகளுக்குத் தண்ணிதானேம்மா வேணும்? அங்குட்டு வச்சா இங்குட்டு ஏன் வரப்போகுது?"

மனையின் கடைசி மூலையில் அகலமான தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போகப் பழகின. ஆனால் தட்டு காய்ந்தால் ஜன்னலுக்கு வந்துவிடும். அதனால் தினமும் விடிந்ததும், பிள்ளைக்குப் பால் காய்ச்சுவதற்கு முன்னால், அவளைக் கொல்லப் பார்த்த இனத்துக்குக் குடம் சுமக்கிறேன்.

மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தினமும் கேட்பேன்: "ஊசி எடுத்து வச்சியா?"

"வச்சிட்டேன். நீ தண்ணி வச்சியா?"